விடுமுறைப் பிள்ளைகளும் வெயில் சாயுமுன் முடிந்த பந்தியும்

கோடை விடுமுறைக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடப்படுகிற வாரத்தில் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் திருமண விருந்து ஒப்பந்தம் எடுத்து நடத்தும் இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

“அண்ணே, ஸ்கூல் பசங்களைப் பரிமாறக் கூப்புடலாமா, கூடாதா?”

கூப்பிடலாம் என்பேன். அவர்கள் குரலில் மகிழ்ச்சி தெரியும். “ஆனால்” என்று தொடங்குவேன். உடனே பாதிப் பேருக்கு டவர் கிடைக்காமல் போய்விடும். அந்த “ஆனால்” என்னும் சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பொறுமையாக எழுதி வைத்துவிட்டால், கேட்பவர் கேட்கட்டும், டவர் இல்லாதவர் படித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதலானேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருமுக்கல்லை அடுத்த சிற்றூரில் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது, நானும் பள்ளியை விட்டேன். பந்தியில் தண்ணீர் ஊற்றத் தொடங்கி, இலை போட்டு, வாளி தூக்கி, முடிவில் பந்தி மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன். ஒரு விருந்துக்கும் அடுத்த விருந்துக்கும் இடையில் மண்டபங்களில் கிடந்த நாளிதழ்களே எனக்குத் தமிழ் கற்பித்தன. ஆகவே இந்நடையில் குறை தென்பட்டால் நாளிதழ்களையும் கொஞ்சம் கடிந்துகொள்ளலாம்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒரே முதலாளியிடம் கழிந்தது. மேல்சித்தாமூர்ப் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட சமணக் குடும்பத்தவர். எல்லோரும் அவரை நயினார் என்றே அழைப்போம். சைவ விருந்து மட்டுமே செய்வார். எந்தச் சாதி, எந்தச் சமயத் திருமணமானாலும் அவர் சமையலில் ஒரே தரம்தான். ஆனால் தம் வரையில் கதிரவன் மறைந்தபின் ஒரு பருக்கையும் உண்ணமாட்டார். ஆயிரம் பேர் உண்ணும் இரவு வரவேற்பிலும் அவர் வெறும் வயிற்றோடு அடுப்படியில் நிற்பார். ரசத்தை நாவால் சோதிக்க இயலாது என்பதால் மூக்கால் சோதிப்பார். “உப்பு ஒரு கை கம்மி” என்று முகர்ந்தே சொல்லுவார். சரியாக ஒரு கைதான் குறைந்திருக்கும்.

அவர் கோபம் வேறு வகையானது. மகிழ்ச்சியில் “டேய் கோதண்டம்” என்பார். வழக்கமான நேரத்தில் “கோதண்டம்” என்பார். “கோதண்டம் சார்” என்று அழைத்துவிட்டால் தூக்கிய வாளியை அப்படியே கீழே வைத்துவிடுவேன். மரியாதை மிகுந்த அளவுக்கு நிலைமை மோசம் என்று பொருள்.

நிற்க. சட்டம் எங்கள் பந்திக்குள் நுழைந்த விதத்தைச் சொல்கிறேன்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் இரவு வரவேற்பு. கோடை விடுமுறை. அந்நாளில் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். விடுமுறை என்றால் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள், அழைத்தால் வருகிறார்கள், எந்நேரமும் வேலை வாங்கலாம் என்பது ஊரறிந்த வழக்கம். அன்று கூட்டு வாளியோடு வந்தவன் கோகுல். வயது பதினைந்து. மூன்றாவது இலையில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். பெண் வீட்டுக்கு வேண்டியவர். அவனிடம் பேச்சுக் கொடுத்தார்.

“என்னப்பா படிக்கிற?”

“பத்தாவது எழுதிட்டேன் மேடம். ரிசல்ட் வரணும். கூட்டு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?”

“வை. எத்தினி மணிக்கு வந்தே?”

“காலைல வேற மண்டபம் மேடம். இருட்டுலயே போயிட்டேன். அத முடிச்சிக்கினு மத்தியானம் இங்க வந்தேன்.”

“நடுவுல எங்க உக்காந்தே?”

“எங்க மேடம் உக்கார்றது? இப்ப உங்களுக்கு வச்சிட்டு, அப்பால அடுத்த பந்தி. பாத்திரமெல்லாம் வண்டி ஏத்திட்டுத்தான் வூட்டுக்கு.”

அவன் பெருமையோடு சொன்னான். அவன் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் சட்டத்தில் ஒரு விதி உடைந்துகொண்டிருந்தது என்பது அவனுக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

அம்மையார் பாயசம் வரை நிதானமாக உண்டார். கை கழுவினார். பிறகு நயினாரை அழைத்தார்.

“சாப்பாடு பிரமாதங்க. இன்னிக்கு நான் விருந்தாளி. நாளைக்கு உங்க ஆபீசுக்கு வர்றேன். தொழிலாளர் துறை ஆய்வாளர் நான்.”

சொன்னபடி மறுநாள் திண்டிவனத்துக்கு வந்தார். நான் முந்திக்கொண்டு, “லீவுதானே மேடம், பசங்க ஆசைப்பட்டு வர்றாங்க” என்றேன்.

“லீவு பள்ளிக்கூடத்துக்குத்தாங்க. சட்டத்துக்கு லீவு கிடையாது” என்றார்.

பிறகு அவர் விளக்கிய முறை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றையும் எங்கள் தொழிலின் சொற்களிலேயே சொன்னார். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. தன் குடும்பத்தார் நடத்தும் ஆபத்தில்லாத தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், கூடமாட உதவலாம். அவ்வளவுதான். குடும்பம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோருடன் பிறந்தோர். பதினான்கு முதல் பதினெட்டுக்குள் இருப்பவரை ஆபத்தில்லாத வேலைக்கு வைக்கலாம். ஆனால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். வந்த நேரம் முதல் போகும் நேரம் வரை, ஓய்வும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்தே, ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாலை ஏழு மணிக்கு மேலும் காலை எட்டு மணிக்கு முன்னும் வேலை கூடாது. கூடுதல் நேர வேலை என்பதே இல்லை. ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அடுப்புக்கும் எரிவாயு உருளைக்கும் அருகே அவர்கள் நிழலும் விழக் கூடாது.

நயினார் முழுவதையும் கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஓய்வுன்னா, நின்னுக்கினு இருக்கலாங்களா?”

“உக்காரணுங்க. வேலைக்குக் கூப்புடாம உக்கார வைக்கணும்.”

“சரிங்கம்மா. இனிமே அப்படியே நடக்கும்.”

அம்மையார் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்.

செய்தி பரவியபோது பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் எங்களுக்குப் பெரும் வரவேற்பு. சக ஒப்பந்தக்காரர் ஒருவர் உரக்கக் கேட்டார்.

“நயினாரே, காலை டிபன் எட்டு மணிக்கு முன்னாடி. ரிசப்ஷன் ஏழு மணிக்கு மேல. நடுவுல உங்க ஸ்கூல் பசங்க வந்து இன்னா பண்ணுவாங்க? மண்டபத்துக்கு வெள்ளையடிப்பாங்களா?”

“மத்தியானச் சாப்பாடுன்னு ஒண்ணு இருக்குதில்ல?” என்றார் நயினார், தேநீரை ஆற்றிக்கொண்டே.

அதன்பின் எங்கள் முறை மாறியது. பிள்ளைகள் மதிய விருந்துக்கு மட்டும் வந்தார்கள். பிறப்புச் சான்றிதழின் நகலைப் பார்த்து வயதை உறுதி செய்த பிறகே சேர்த்தோம். ஓய்வு நேரத்தில் அவர்களை நாற்காலியில் அமர்த்தி, இலை போட்டு, விருந்தினருக்கு வைத்த எல்லாவற்றையும் வைத்தோம். மிச்சத்தைச் சுரண்டிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை நயினார் ஒரே நாளில் ஒழித்தார். நயினாரின் தங்கை மகன், பதின்மூன்று வயது, தாய்மாமன் தொழில் என்பதால் தண்ணீர்க் குவளை எடுத்து வைக்கலானான். சட்டம் அதற்கு இடம் தருகிறது என்ற சேதி எப்படியோ கசிந்தது. மறுநாள் முதல் திண்டிவனத்தில் பாதிச் சிறுவர்களுக்கு நயினார் தாய்மாமன் ஆகிவிட்டார். வாசலில் நின்று “மாமா, நானும் வரட்டா?” என்பார்கள். “உங்கம்மாவக் கூட்டிக்கினு வா, எனக்குத் தங்கச்சியான்னு கேக்கறேன்” என்று அனுப்பிவைப்பார்.

இப்போது கடினமான நாளுக்கு வருகிறேன். அது திண்டிவனத்து மண்டபத்தில் நடந்த நயினாரின் ஒரே மகள் திருமணம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசிப் பக்கம். அவர்களும் சமணர். கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். மாப்பிள்ளையின் தாத்தா இருக்கிறாரே, அவர் மாலை வெயில் மங்கத் தொடங்கியதும் தண்ணீர்ச் செம்பையும் தள்ளி வைப்பவர். ஆகையால் முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, மாப்பிள்ளை அழைப்பு விருந்தைக் கதிரவன் மறையுமுன் முடித்துவிட வேண்டும். ஊரார் திருமணங்களில் இரவு பத்து மணி வரை நீளும் விருந்து, இங்கே பகலிலேயே முடியும். எங்கள் விடுமுறைப் பிள்ளைகள் சட்டப்படி ஒரு மாலை விருந்தில் பரிமாறக் கூடிய வாய்ப்பு அதுவே முதன்முறை. அதுவும் நல்லதாயிற்று. ஏனெனில், சுற்றுவட்டாரம் முழுக்க அன்று முகூர்த்தம். பரிமாற வருவதாக ஒப்புக்கொண்டிருந்த பெரிய ஆட்கள் புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய திருமணத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலைக்கு வந்துவிடுகிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். கையில் இருந்தவர்கள் பிள்ளைகள் பதினாறு பேர். அவர்களுக்குத் தலைவி போல அமுதா. பதினொன்றாம் வகுப்பு முடித்தவள், பெருமுக்கல்லில் இருந்து வருபவள், என் ஊர்ப் பக்கத்தவள் என்பதால் என்னை அதிகம் மதிக்காதவள்.

இரண்டரை மணிக்கு வந்தார்கள். மேசை துடைத்தார்கள். முன்னரே வந்த உறவினருக்குக் காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுத்தார்கள். நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பேருந்து வரும், உடனே பந்தி, ஐந்தரைக்கெல்லாம் முடிந்துவிடும், மூன்று மணி நேரம் நிறைந்ததும் பிள்ளைகளுக்கு ஓய்வு என்பது என் கணக்கு. நாலரைக்கு வந்தது தொலைபேசி. மாப்பிள்ளையின் மாமன் பேசினார்.

“வெள்ளிமேடுபேட்டைகிட்ட பஸ்ஸு டயர் பூடுச்சுங்க. மாத்திக்கினு இருக்காங்க. பேஜாரா இருக்குது. தாத்தா வேற வானத்தையே பாத்துக்கினு இருக்காரு.”

நயினார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேற்குச் சன்னலைப் பார்த்தார். அவர் முகத்தை நான் படித்துக்கொண்டேன். வெயில் போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் நூற்றுக்கும் மேற்பட்டோர் பட்டினியாகப் படுப்பார்கள். மறுநாள் விடிந்து தாலி கட்டும் வரை அந்தப் பசி அந்த மண்டபத்தில் நிற்கும். பெண்ணைக் கொடுக்கும் வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு வேறில்லை. அதுவும் விருந்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட வீட்டுக்கு.

“கோதண்டம், பசங்கள இப்பவே உக்கார வை.”

“இப்பவேவா? பஸ்ஸு வந்துட்டா?”

“இப்ப உக்காந்தாத்தான் வெயில் இருக்கும்போதே எழுந்திருக்க முடியும். ஜல்தி.”

அமுதா தன் கைப்பேசியில் ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்தாள். முதலில் மரத்தடியில் அமர்ந்து அரட்டையடித்தார்கள். பிறகு, வழக்கப்படி, சாப்பாட்டுக் கூடத்தில் முதல் வரிசையில் அமர்ந்தார்கள். நானும் சமையற்காரர் மூவரும் பரிமாறினோம். கேசரி வைத்து, வடை வைத்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்ட புளியோதரை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நாதசுரம் முழங்கியது. பேருந்து வந்துவிட்டது. ஓய்வு முடிய இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன.

மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தி முடிந்ததும் முடியாததுமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு விரைந்தார்கள். முன்னே தாத்தா. வெயில் சன்னலின் கீழ்க் கம்பிக்கு இறங்கிவிட்டிருந்தது. நான் பிள்ளைகளை நோக்கி நடந்தேன்.

“கோதண்டம் சார்” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. என் கால் நின்றது.

“எங்க சார் போய்க்கினு இருக்கீங்க?”

“இருபது நிமிஷந்தாங்க. எழுப்பிடறேன். வந்தவங்க நிக்கறாங்க.”

அவர் என்னருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார். “வெயில் போனா சாப்புடக் கூடாதுங்கிறது எங்க கட்டு. ஒரு மணி நேரம் உக்கார வைக்கணுங்கிறது அந்தப் பசங்களுக்குச் சர்க்கார் போட்ட கட்டு. எங்க கட்டக் காப்பாத்த அவங்க கட்ட ஒடைக்கச் சொல்றீங்களா சார்?”

பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். சாம்பார் வாளியைத் தூக்கினார். மைத்துனர்களைப் பார்த்து, “நிக்கறவங்க எல்லாம் ஒரு ஒரு வாளி எடுங்க” என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் பிள்ளைகளுக்கு அடுத்த இலைகளிலேயே அமர்ந்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்த இடம் கோகுலுக்குப் பக்கத்தில்.

“நீ யார் வூட்டுப் புள்ளப்பா? பொண்ணுக்குத் தம்பி மொறையா?”

“இல்ல தாத்தா. நான் சர்வீஸ்.”

“அப்டின்னா?”

“உங்களுக்குப் பரிமாறப் போறவன்.”

“அப்ப ஏன் உக்காந்துக்கினு இருக்க?”

“இது ரெஸ்ட்டு தாத்தா. சட்டம்.”

பெரியவர் உரத்த குரலில் கூடம் முழுவதற்கும் அறிவித்தார். “நல்லாருக்குதே நாயம்! பொண்ணப் பெத்தவரு வாளி தூக்கறாரு, வேலைக்கு வந்த புள்ள வடை திங்குது!”

நாதசுரக்காரரும் நிறுத்திவிட்டார். நயினார் அவர் இலை முன் குனிந்தார்.

“ஆமாங்கய்யா. வடை இன்னொண்ணு வைக்கட்டுங்களா? உங்களுக்கும் வைக்கறேன், அவனுக்கும் வைக்கறேன்.”

பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “வையுங்க” என்றார். “வெயிலு போவுது.”

பெண் வீட்டு ஆண்கள் பரிமாறிய அழகை எப்படி வருணிப்பேன்! ஒருவர் ஊறுகாயை ஒரே இலையில் மூன்று முறை வைத்தார். ஒருவர் அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு வழி தெரியாமல் மணமகள் அறைக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வரிசை பாதியில் சிக்கிக்கொண்டது, கடைசி இலைகளுக்குச் சோறே போகவில்லை. அப்போது அமுதாவின் கைப்பேசியில் சேவல் கூவியது.

“சாயங்காலத்துல எந்தக் கோழி கூவுது?” என்று பெரியவர் திடுக்கிட்டார்.

பதினாறு பேரும் ஒருசேர எழுந்தார்கள். கை கழுவிக்கொண்டு வந்து பெண் வீட்டாரின் கைகளில் இருந்த வாளிகளை வாங்கினார்கள். அமுதா ஒரு பார்வையிலேயே வரிசையை மூன்றாகப் பிரித்தாள். “கோகுலு, கடைசில இருந்து வா! அப்பளத்தக் காணோம், யாராவது தேடுங்கப்பா!” வயிறு நிறைந்த, ஓய்ந்த பிள்ளைகளின் கை எப்படி ஓடும் என்பதை அன்று கண்டேன். சோறு போயிற்று, சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று, மோர் போயிற்று. மோர் கடைசி இலையை அடைந்தபோது சன்னலில் வெயில் இன்னும் மஞ்சளாக நின்றது. பெரியவர் இலையை மடித்தார். கை கழுவினார். தாமே சன்னலுக்குச் சென்று மேற்கே பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

எல்லோரும் உண்டாயிற்று என்று நான் மூச்சு விட்ட வேளையில் அமுதா நயினார் முன் வந்து நின்றாள்.

“ஐயா, நீங்க சாப்புடலியே?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லோரும் சன்னலைப் பார்த்தோம். வெளியே மண்டபத்து விளக்குகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன.

“அதுக்கின்னாம்மா, நாளைக்கும் பொழுது விடியும்” என்று சிரித்தார். “ஏழாவப் போவுது, வண்டி ஏறுங்க. நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வரக் கூடாது. கல்யாணத்துக்கு வாங்க. நல்ல துணி போட்டுக்கினு வாங்க.”

பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்தது. பிள்ளைகள் பதினாறு பேரும் வந்திருந்தார்கள். கோகுல் அண்ணனின் சட்டையில் வந்திருந்தான் என்பது தோள்பட்டையிலேயே தெரிந்தது. பெரிய ஆட்களும் திரும்பியிருந்ததால் காலைச் சிற்றுண்டிப் பந்தி என் சொற்படி ஒழுங்காகத் தொடங்கியது. நயினார் வழக்கம்போல வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாத்தா வந்து அவர் கையைப் பிடித்தார்.

“சம்மந்தி, வந்து உக்காருங்க.”

“வந்தவங்க எல்லாம் ஆவட்டுங்கய்யா.”

“நேத்து மத்தியானம் சாப்ட்டது. உக்காருங்கன்னா உக்காருங்க.”

பிள்ளைகளின் வரிசையில், அமுதாவுக்கும் கோகுலுக்கும் நடுவில், அவரை அமர்த்தினார். பிறகு, என் வாழ்நாளில் எந்தப் பந்தியிலும் நான் காணாத ஒன்றைச் செய்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், எண்பதை நெருங்கியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியை எடுத்தார். மாப்பிள்ளையின் தந்தை பதறி ஓடிவந்தார். “நீ போய் கேசரி எடுத்தாடா” என்று அவரையும் வேலைக்கு ஏவினார்.

பரிமாறிப் பழக்கமில்லாதவர். நயினாரின் இலையில் கேசரி வைத்த இடத்தின் மேலேயே சாம்பாரை ஊற்றினார். கோகுல் இலையிலும் அப்படியே. அவன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான்.

பந்தி மேற்பார்வையாளன் என்ற முறையில் என்னால் பொறுக்க இயலவில்லை. “ஐயா, சாம்பாரு இந்தப் பக்கம்...” என்று வாய் திறந்தேன். நயினார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சாம்பாரில் மிதந்த கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“டேய் கோதண்டம்” என்றார். “எடம் இருக்குது பாரு. நீயும் வந்து உக்காருடா.”

நான் இலையை விரித்து அமர்ந்தேன். பெரியவர் வாளியோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.